கைக்கு வந்த முதல் சுஜாதா: மறந்துபோன புத்தகத்தைத் தேடி எடுக்கும் முறை

“நீங்க வாசிச்ச முதல் சுஜாதா எது?” என்று எங்கள் திருநெல்வேலிப் பக்கத்தில் யாரைக் கேட்டாலும் யோசிக்காமல் வரும் பதில் ‘என் இனிய இயந்திரா’. எழுத்தாளர் சுஜாதா எண்பதுகளில் ஆனந்த விகடனில் தொடராக எழுதிய விஞ்ஞான நாவல், பிறகு தூர்தர்ஷனிலும் வந்தது. பேசவும் வாசிக்கவும் தெரிந்த இயந்திர நாய் ஜீனோவை ஒருமுறை சந்தித்தவர்கள் மறப்பதில்லை. அதனால் அந்தப் பதில் சிலருக்குச் சரியாகவே இருக்கும். பலருக்கு அது மிகவும் பிடித்த புத்தகமாக இருக்கும், ஆனால் முதலில் கைக்கு வந்தது வேறு. அந்த வேறொன்றை எப்படித் தேடி எடுப்பது, எப்படி எழுதி வைப்பது என்று எனக்குத் தெரிந்ததைச் சொல்கிறேன்.

நான் பாளையங்கோட்டையில் பைண்டிங் கடை வைத்திருந்தவன். வக்கீல் ஆபீஸ் கட்டு, சர்ச் பாட்டுப் புத்தகம், கணக்குப் பேரேடு எல்லாம் தைத்திருக்கிறேன். மனசுக்குப் பிடித்த வேலை தொடர்கதை பைண்டிங்தான். இப்போது கடை இல்லை. எங்கள் தெருவில் ஒரு வீட்டு மொட்டை மாடியில் அவ்வப்போது சாயங்காலம் கூடுகிறோம். ஒருவர் தன் முதல் சுஜாதாவை, அதிலும் முக்கியமாக விஞ்ஞானக் கதையை, சொல்வார், மற்றவர்கள் கேள்வி கேட்போம், ஒருவர் எழுதிக்கொள்வார். உங்கள் ஊர் நூலகத்திலும் இதைச் செய்யலாம், வீட்டுக்குள் அம்மாவிடமும் பெரியப்பாவிடமும் செய்யலாம்.

ஏன் செய்யவேண்டும் என்றால், எழுத்தாளரைப் பற்றி நிறையப் பதிவாகிவிட்டது. ரங்கராஜன் என்ற பொறியாளர், ஸ்ரீரங்கத்துப் பிள்ளைப் பருவம், பெங்களூர் பாரத் எலெக்ட்ரானிக்ஸ் வேலை, வாக்குப்பதிவு இயந்திரம், சினிமா வசனம் எல்லாம் புத்தகங்களில் இருக்கிறது. அவர் எழுதிய விஞ்ஞானக் கதை களக்காட்டுக்கும் திசையன்விளைக்கும் யார் கை வழியாகப் போய்ச் சேர்ந்தது என்பது எங்கேயும் இல்லை. வாங்கியவர் ஒருவர் என்றால் வாசித்தவர்கள் ஒரு தெரு. அந்தக் கைமாற்றம்தான் எனக்கு முக்கியம். கொடுத்தவர்கள் பலர் இப்போது இல்லை, வாங்கியவர்களுக்கும் வயசாகிறது.

தலைப்பை முதலில் கேட்காதீர்கள்

தலைப்பைக் கேட்டால் பிரபலமான தலைப்புதான் வரும். புத்தகத்தின் உடம்பைப் பற்றிக் கேளுங்கள். கெட்டி அட்டையா, வழவழப்பான அட்டையா? நடுவில் பின் அடித்த மாத நாவலா? உள்ளே படம் இருந்ததா? ஒவ்வொரு பகுதி முடிவிலும் ‘தொடரும்’ என்று போட்டிருந்ததா? முதல் பக்கம் இருந்ததா, இல்லை நடுவில் தொடங்கியதா?

கடைசிக் கேள்வியை விட்டுவிடாதீர்கள். தொடர்கதை பைண்டிங் எப்படி நடந்தது என்று தெரிந்தால் காரணம் புரியும். தொடர் முடிந்ததும் வாராவாரம் பத்திரிகையிலிருந்து எடுத்து வைத்த தாள்களைச் செய்தித்தாளில் சுற்றிக் கொண்டுவருவார்கள். துருப்பிடித்த பின்னை எல்லாம் நீக்கி, அத்தியாய எண் பார்த்து அடுக்கி, தட்டி நேராக்கி, ஓரத்தில் துளை போட்டு நூலால் தைப்போம். முதுகுக்குக் காலிகோ துணி, மேலே கெட்டி அட்டை. பசை எங்கள் கையால் காய்ச்சியது: மைதாவோடு கொஞ்சம் மயில்துத்தம், பூச்சி அரிக்காமல் இருக்க. காய்ந்த பிறகு கட்டிங் மிஷினில் மூன்று பக்கமும் வெட்டுவோம். அந்த வெட்டில், பக்கத்தின் அடியில் இருக்கும் பத்திரிகைப் பெயரும் தேதியும் பல நேரம் போய்விடும். முதல் வாரத் தாள் தொலைந்திருந்தால் தலைப்பும் இருக்காது. இப்படிப் பெயரே இல்லாமல் ஒரு நாவலை வாசித்து முடித்தவர்கள் இந்த ஜில்லாவில் ஏராளம். அவர்களிடம் தலைப்பைக் கேட்டு என்ன பயன்?

அதே பைண்டிங் ஒரு உதவியும் செய்கிறது. தொடரின் தாளுக்குப் பின்பக்கம் வேறு ஏதாவது ஓடும்: பாதி ஜோக், சினிமா விமர்சனத்தின் கடைசிப் பத்தி, ஒரு சோப்பு விளம்பரம். கதை மறந்தவர்களுக்கும் இது நினைவிருக்கிறது, ஏனென்றால் அடுத்த அத்தியாயம் கிடைக்காத நேரத்தில் அதைத்தான் திரும்பத் திரும்ப வாசித்திருப்பார்கள். “பின்பக்கம் என்ன இருந்துச்சு?” என்று கேளுங்கள். ஒருமுறை ஒரு தாயம்மாள், மளிகைக்கடைக் குடும்பத்தில் பிறந்தவர், பின்பக்கத்து ஜோக் முழுவதையும் சொல்லிவிட்டு, அதற்குப் பிறகுதான் முன்பக்கத்துக் கதைக்கு வந்தார்.

அடுத்தது இடம். எங்கே உட்கார்ந்து வாசித்தீர்கள், வெளிச்சம் எங்கிருந்து வந்தது, வாசித்து முடித்ததும் யாரிடம் திருப்பிக் கொடுத்தீர்கள். அரசு பஸ்ஸில் கண்டக்டராக இருந்து ஓய்வு பெற்ற ஒரு அண்ணாச்சி எங்கள் கூட்டத்துக்கு வருவார். அவரும் ‘என் இனிய இயந்திரா’ என்றுதான் ஆரம்பித்தார். புத்தகம் எப்படிக் கிடைத்தது என்று கேட்டேன்.

“பஸ்ஸுல ஒரு ஆளு சீட்டுல வச்சிட்டு எறங்கிட்டாரு. டெப்போவுல ஒப்படைக்கணும்லா. அன்னைக்குப் பாபநாசத்துல நைட் ஹால்ட்டு. ராத்திரி முழுக்க வாசிச்சேன், காலைல ஒப்படைச்சிட்டேன்.”

“நாய் வந்துச்சா அண்ணாச்சி?”

“நாயா? இல்லியே. ரெண்டு வக்கீலு. ஒரு பங்களா. ராத்திரி ஒரு பொம்பள உருவம் வரும்.”

அது ‘கொலையுதிர் காலம்’. கணேஷும் வசந்தும் வரும் கதை, குமுதத்தில் தொடராக வந்தது. அவருடைய முதல் சுஜாதா அதுதான். ஜீனோ அதற்குப் பிறகு, மகன் கல்லூரிக்குப் போன காலத்தில் வந்திருக்கிறது.

இங்கே எங்கள் கூட்டத்தில் ஒரு வாக்குவாதம் நடந்தது. ‘கொலையுதிர் காலம்’ விஞ்ஞானக் கதையா, பேய்க் கதையா? துப்பறியும் கதை, கணக்கில் சேர்க்கக் கூடாது என்றார் ஒருவர். சேர்க்கவேண்டும் என்பது என் தீர்மானம். இது சுடலைமாடன் கோயிலில் கொடை விழா நடக்கும் நாடு. ஒற்றைப் பனைக்கும் பாழுங்கிணற்றுக்கும் ஆளுக்கொரு கதை சொல்லி வளர்க்கப்பட்ட பிள்ளைகள் நாங்கள். அப்படி வளர்ந்த ஒருவர் கையில், கண்ணால் பார்த்த உருவத்துக்கு லேசர் ஒளியும் ஹோலோகிராமும் ஒரு விளக்கமாக இருக்கக்கூடும் என்று ஒரு கதை வந்து விழுகிறது. கணேஷ் ஒரு பக்கம், வசந்த் ஒரு பக்கம் நின்று வாதாடுகிறார்கள். கண்டக்டர் அண்ணாச்சி சொன்னார்: “விடியக்காலம் ஆத்துக்குக் குளிக்கப் போனேன். தண்ணி மேல பனி நின்னுச்சு. பயமும் இருக்கு, இது எப்படி நிக்குங்கிற யோசனையும் இருக்கு. அதுவரைக்கும் பயம் மட்டுந்தான் இருந்துச்சு.” விஞ்ஞானக் கதை என்ன செய்யவேண்டுமோ அது அவருக்கு அன்று நடந்திருக்கிறது. எனவே வகைப் பெயரில் கறாராக இருக்காதீர்கள். ராக்கெட்டும் ரோபோவும் வந்தால்தான் ஒப்புக்கொள்வோம் என்றால் நல்ல நினைவுகள் பாதி வெளியே போய்விடும்.

காதால் கேட்டதும் கணக்கு

முக்கூடல் பக்கத்திலிருந்து ஒரு மதினி வந்தார். பீடி சுற்றும் குடும்பம். நான் வாசகியே இல்லை என்று ஓரமாக உட்கார்ந்திருந்தார். வற்புறுத்தாமல், ஜீனோவைத் தெரியுமா என்று மட்டும் கேட்டோம்.

“தெரியாம? நான் எங்க வாசிச்சேன், எங்க சித்தி மவ வாசிப்பா. நாங்க தட்டை மடியில வச்சுச் சுத்துவோம். அவ பங்கு பீடிய நாங்க பிரிச்சுச் சுத்திக் கொடுத்துருவோம். வாசிக்கதுக்குக் கூலி.”

இதைவிட முழுமையான சாட்சியம் எனக்குக் கிடைத்ததில்லை. அந்த நாவலில் ஆட்களுக்கு இரண்டெழுத்துப் பெயர்தான்: நிலா, சிபி, ரவி, மனோ, ஜீவா. எதிர்காலத்தில் நடக்கும் கதை, எல்லாவற்றுக்கும் அரசாங்கத்திடம் அனுமதி வாங்கவேண்டிய தேசம். பீடி சுற்றிய பெண்கள் தங்களுக்குள்ளும் பெயரை இரண்டெழுத்தாக வெட்டிக் கூப்பிட்டுக்கொண்டார்களாம், வேலை நேரத்தில் மட்டும். அந்தப் பெயர்களையும் எழுதிக்கொண்டோம்.

ஆகவே ‘வாசித்தது’ என்பதற்கு நீங்கள் வைத்திருக்கும் வரையறையைத் தளர்த்துங்கள். ஒருவர் வாசிக்கக் கேட்டது, ரயிலில் பக்கத்து ஆள் மடியில் எட்டிப் பார்த்தது, சலூனில் முறை வருவதற்குள் பாதியில் விட்டது எல்லாம் சேரும். டிவியில் பார்த்ததை மட்டும் தனியாகக் குறியுங்கள். தொடரை முதலில் பார்த்துவிட்டுப் பிறகு புத்தகம் வாசித்தவர்களுக்கு இரண்டும் நினைவில் ஒன்றாகிவிடுகிறது. பிரித்து அறிய ஒரு வழி இருக்கிறது: ஜீனோவின் குரல் எப்படி இருந்தது என்று கேளுங்கள். டிவி பார்த்தவர் ஒரு குரலைச் சொல்வார் அல்லது நடித்துக் காட்டுவார். வாசித்து மட்டும் அறிந்தவர் கொஞ்சம் திகைப்பார்.

இன்னொரு கலப்பும் உண்டு. சிலர் கருந்துளை, மூளை, ஒளியின் வேகம் என்று சொல்வார்கள், பாத்திரங்களின் பெயர் ஒன்றும் வராது. அவர்கள் வாசித்தது பெரும்பாலும் கதையாக இருக்காது. ஜூனியர் விகடனில் அவர் வாசகர் கேள்விகளுக்குப் பதில் சொன்ன ‘ஏன்? எதற்கு? எப்படி?’யாக இருக்கும். கேள்வி கேட்டவரின் ஊர்ப்பெயர் போட்டிருந்ததா என்று கேட்டால் முகம் மலர்ந்துவிடும். அதுவும் அவர்களுக்கு முதல் சுஜாதாதான், அப்படியே எழுதுங்கள்.

வருஷம் கண்டுபிடிக்க

வருஷத்தை நேராகக் கேட்டால் கிடைக்காது. ஊரில் நடந்தவற்றை முன்னே வையுங்கள். தூத்துக்குடி நம்ம ஜில்லாவிலிருந்து பிரிந்தது 1986. கொக்கிரகுளத்தில் அறிவியல் மையம் வந்தது 1987. மனோன்மணியம் சுந்தரனார் பல்கலைக்கழகம் 1990. தாமிரபரணியில் பெருவெள்ளம் 1992 நவம்பர். “வெள்ளத்துக்கு முன்னாலயா, பின்னாலயா?” என்ற ஒரு கேள்விக்கு ஆற்றோரத்து ஊர்க்காரர்கள் எல்லாருக்கும் பதில் இருக்கிறது. வள்ளியூர், பணகுடி பக்கத்து ஆட்களுக்கு மகேந்திரகிரி இஸ்ரோ வளாகம் உதவும்: அங்கே வேலைக்குப் போன உறவுக்காரர் யார், அவர் சேர்ந்த பிறகா என்று கேட்டுப் பாருங்கள்.

பதிப்பகத்தை வைத்தும் சரிபார்க்கலாம். கிழக்கு பதிப்பகம் தொடங்கியது 2004ல். பள்ளிக்கூடத்தில் படித்தபோது, எண்பதுகளில் வாசித்தேன் என்று சொல்பவர் கையில் கிழக்கு பதிப்பு இருந்தால், அது பிற்பாடு வாங்கிய பிரதி. முதலில் வாசித்தது திருமகள் நிலையம், விசா பப்ளிகேஷன்ஸ், குமரிப் பதிப்பகம் போன்ற பழைய பதிப்பாகவோ பைண்ட் செய்த தொடராகவோ இருக்கவேண்டும். அட்டைக்கு அடுத்து வரும் பதிப்பு விவரப் பக்கத்தில் முதற்பதிப்பு எப்போது, இது எத்தனையாவது பதிப்பு என்று போட்டிருக்கும். பாளையங்கோட்டை மாவட்ட மைய நூலகத்தில் போய் இந்தப் பக்கத்தைப் பாருங்கள். பழைய பிரதியாக இருந்தால் பின்னால் ஒட்டிய தேதிச் சீட்டையும் பாருங்கள், எந்தெந்த வருஷங்களில் புத்தகம் வெளியே போய்வந்தது என்று தெரியும். பத்திரிகை இதழையே பார்க்கவேண்டும் என்றால் சென்னையில் ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகம் இருக்கிறது, பழைய தமிழ் இதழ்களைச் சேர்த்து வைத்திருக்கிறார்கள்.

சரிபார்த்ததில் முரண் வந்தால், சபையில் வைத்து ஒருவரையும் திருத்தாதீர்கள். அவர் சொன்னதை முதலில் அவர் சொன்னபடி எழுதுங்கள். கீழே, நூலகத்தில் கண்டதைத் தனி வரியாக எழுதுங்கள். இரண்டும் இருக்கட்டும். ஒருவருடைய மனசில் முதலாக நிற்கும் புத்தகத்துக்கும் ஒரு மதிப்பு இருக்கிறது.

கூடும் நாள்

சுஜாதா பிறந்தது 1935 மே 3, மறைந்தது 2008 பிப்ரவரி 27. நாங்கள் மே மாதத்தைத்தான் பெரிய கூட்டத்துக்கு வைத்திருக்கிறோம். பள்ளி விடுமுறை, சென்னை, பெங்களூரிலிருந்து பிள்ளைகள் ஊருக்கு வந்திருப்பார்கள். வெயில் கொடுமையானது, ஐந்து மணிக்கு முன்னால் தொடங்காதீர்கள். மொட்டை மாடி என்றால் நாலு மணிக்கே தண்ணீர் தெளித்துவிடுங்கள்.

எழுத்தாளரின் வாழ்க்கை வரலாற்றை யாரும் எழுந்து பேசவேண்டாம் என்று ஆரம்பத்திலேயே சொல்லிவிடுவது நல்லது. அப்துல் கலாமோடு ஒரே கல்லூரியில் படித்தவர் என்று ஒருவர் தொடங்கினால், அடுத்தவர் வாக்குப்பதிவு இயந்திரத்துக்குப் போவார், இன்னொருவர் சினிமாவுக்குப் போவார். எல்லாம் உண்மை, எல்லாம் சுவாரசியம். ஆனால் முக்கூடல் மதினி அதற்குப் பிறகு வாய் திறக்கமாட்டார்.

பழைய பிரதி வைத்திருப்பவர்களைக் கொண்டுவரச் சொல்லுங்கள். புத்தகம் கை மாறும் வரை வடை, பஜ்ஜி வெளியே வரக் கூடாது. சுக்குக் காப்பியும் பிறகுதான். எண்பதுகளின் பத்திரிகைத் தாள் இப்போது அப்பளமாக இருக்கிறது, ஓரத்தைப் பிடித்துத் திருப்பினால் கையோடு வரும். புத்தகத்தை மேஜையில் வைத்து, மேல் மூலையில் விரல் வைத்துத் திருப்பச் சொல்லுங்கள். கிழிந்த தாளுக்கு செல்லோ டேப் ஒட்டாதீர்கள். சில வருஷத்தில் அது பழுத்து, எழுத்தையும் சேர்த்துக் கறையாக்கிவிடும். மெல்லிய தாளும் ஸ்டார்ச் பசையும் போதும்.

2023 டிசம்பர் வெள்ளத்தில் திருநெல்வேலி சந்திப்பு (ஜங்ஷன்), வண்ணார்பேட்டைப் பக்கம் வீட்டுக்குள் தண்ணீர் புகுந்தபோது, நனைந்த புத்தகங்களை என்னிடம் கொண்டுவந்தார்கள். கடை இல்லாவிட்டாலும் வாங்கிக்கொண்டேன். நனைந்த புத்தகத்தை வெயிலில் வைக்காதீர்கள், அட்டை முறுக்கிக்கொள்ளும். பக்கங்களுக்கு நடுவே அச்சில்லாத வெள்ளைத் தாள் செருகி, நிழலில் மின்விசிறிக் காற்றில் வையுங்கள். தாள் ஈரமானதும் மாற்றுங்கள், மாற்றிக்கொண்டே இருக்கவேண்டும். ஓரளவு உலர்ந்ததும் மேலே பலகையும் பாரமும் வைத்தால் தாள் நெளியாது. வழவழப்பான தாள் ஒட்டிக்கொண்டால் பிரிக்க அவசரப்படாதீர்கள். அப்படிக் காப்பாற்றியதில் ஒன்று, ‘என் இனிய இயந்திரா’வின் தொடர்ச்சியான ‘மீண்டும் ஜீனோ’ பைண்டிங், நானே தைத்தது, முதுகுத் துணியில் என் தையலை அடையாளம் கண்டேன். கொண்டுவந்தவருக்கு அதை முதலில் கொடுத்தவர் அவருடைய டியூஷன் சார் என்று அப்போதுதான் எனக்குத் தெரிந்தது. அதையும் எழுதிவிட்டோம்.

எழுதி வைப்பது

ஆளுக்கு ஒரு தாள் போதும். வாசித்தவர் ஊர், அப்போது என்ன வயசு, படிப்பா வேலையா. புத்தகத்தின் உருவம். கொடுத்தவர் யார், அவருக்கு எங்கிருந்து வந்தது. எந்த இடத்தில் நிறுத்தமுடியாமல் போனது அல்லது நிறுத்தவேண்டி வந்தது. கடைசியாக அந்தப் பிரதி என்ன ஆயிற்று: திரும்பப் போனதா, பழைய பேப்பர் கடைக்குப் போனதா, ஆற்றோடு போனதா. பேசியதைப் பேசியபடியே எழுதுங்கள், ‘எறங்கிட்டாரு’வை ‘இறங்கிவிட்டார்’ ஆக்கவேண்டாம். செல்போனில் பதிவு செய்தால் அனுமதி கேட்டுச் செய்யுங்கள். எழுதி முடித்ததும் சொன்னவருக்கு வாசித்துக் காட்டுங்கள். அந்த நேரத்தில்தான் இன்னொரு ஆள் நினைவுக்கு வருவார், “ஆமா, அவனுக்கும் நாந்தான் கொடுத்தேன்” என்பார். அந்த ஆள் இருக்கும் ஊருக்கு ஒரு போன் போடுங்கள், அடுத்த தாள் தயார்.

கூட்டத்துக்குப் பிள்ளைகள் வருவார்கள், சுஜாதாவை இன்னும் வாசிக்காதவர்கள். அவர்களுக்கு நீங்கள் கொடுக்கும் புத்தகம்தான் அவர்களுடைய முதல் சுஜாதா ஆகப் போகிறது, அதனால் கவனமாகத் தேர்ந்தெடுங்கள். எடுத்தவுடன் ஜீனோவைக் கொடுக்கவேண்டாம் என்பது என் எண்ணம். வாரம் ஒரு அத்தியாயமாக வாசித்தவர்களுக்கு அது தந்த பரபரப்பு ஒரே மூச்சில் வாசிக்கும்போது கிடைப்பதில்லை. விஞ்ஞானச் சிறுகதைகளிலிருந்து ஒன்றைக் கொடுங்கள். திருமலை தரிசனம் எதிர்காலத்தில் எப்படி இருக்கும் என்று சொல்லும் ‘திமலா’ சின்னக் கதை, திருப்பதிக்குப் போய்வந்த பிள்ளை ஒவ்வொன்றுக்கும் நிமிர்ந்து பார்க்கும். பிடித்திருந்தால் ‘கொலையுதிர் காலம்’, அதற்குப் பிறகு ஜீனோ.

கொடுக்கும்போது உள் அட்டையில் தேதி, ஊர், உங்கள் பெயர், பிள்ளையின் பெயர் நான்கையும் எழுதிக் கொடுங்கள். பென்சிலால் எழுதுங்கள். மைப்பேனா எழுத்து தண்ணீர் பட்டால் கரைந்துவிடும், பென்சில் வெள்ளத்திலும் நிற்கும்.